மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்புங்கள்

பழைய சிந்தசைசர் வாங்கப்போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் விலையைக் கேட்பதில்லை, மாடலைக் கேட்பேன். அந்த மாடலில் எந்த இடம் கெடும் என்று தெரியுமா என்பது அடுத்த கேள்வி. முப்பது, நாற்பது வயதான மின்னிசைக் கருவி ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய ஒரு நோய் உண்டு. கார்க் பாலிசிக்ஸுக்கு பேட்டரி. ரோலண்ட் ஜூனோ-106க்கு ஆறு கறுப்பு சிப்புகள். ரோலண்ட் ஜேடி-800க்கு சிவப்புப் பசை. இதைத் தெரிந்துகொண்டு விலை கேட்பவருக்கும், படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு விலை கேட்பவருக்கும் கடைசியில் ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் வரும். கடல் தாண்டி வரும் பொருளைத் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியம் இல்லை. அதனால் விசாரிக்க வேண்டியதை எல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். பகலில் மின்தூக்கி பராமரிக்கும் வேலை. வார இறுதியில் கல்யாண வரவேற்புகளிலும் கோயில் விழாக்களிலும் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். எண்பதுகளின் பாட்டுகளை மேடையில் வாசிக்க வாசிக்கத்தான் பழைய கருவிகள் மேல் இந்தப் பைத்தியம் வந்தது. இன்றைய கீபோர்டிலும் அந்தக் காலத்து பிராஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் இருக்கின்றன, கேட்க நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் பாலிசிக்ஸில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை, பிடித்துக்கொண்டு, ஒலியின் பிரகாசத்தைக் கூட்டும் கட்-ஆஃப் திருகை மெல்லத் திறந்து பாருங்கள். ஒலியை உருவாக்கும் ஆறு ஆஸிலேட்டர்களும் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி நின்று அசையும். ஒரே கார்டை இரண்டாம் முறை அழுத்தினால் அதே ஒலி அப்படியே வராது. அந்த அசைவுக்காகத்தான் இவ்வளவு சிரமமும்.

நான் வாங்குவது ஜப்பானில் இருந்து. ஏன் ஜப்பான் என்று கேட்பார்கள். கருவிகள் பிறந்த ஊர் அதுதானே. ரோலண்ட் 1972-ல் ஒசாகாவில் தொடங்கிய கம்பெனி. கார்க் டோக்கியோ. யமஹாவின் ஊர் ஹமமாட்சு. பின்னாளில் ரோலண்டும் தன் தலைமையகத்தை அங்கேயே மாற்றிக்கொண்டது. யமஹா டிஎக்ஸ்7 1983-ல் வந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. உள்நாட்டிலேயே விற்ற கருவிகள் வீட்டு அலமாரிகளிலும் பள்ளிக்கூடச் சேமிப்பறைகளிலும் கிடந்து, இப்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பழைய பொருள் வாங்கி விற்கும் ஹார்ட் ஆஃப் மாதிரியான கடைகள் அங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. டோக்கியோ போனால் ஓச்சானோமிசுவில் தெரு முழுக்க இசைக்கருவிக் கடைகள்தான்.

இந்தச் சந்தை ஒரு முறை மூடிப்போகும் நிலைக்கு வந்தது. ஜப்பானில் மின்சாதனங்களுக்கு பிஎஸ்இ என்று ஒரு பாதுகாப்பு முத்திரை உண்டு. அந்த முத்திரை இல்லாத பழைய சாதனங்களைக் கடைக்காரர்கள் விற்கக்கூடாது என்ற விதி 2006 ஏப்ரலில் முழுதாக நடைமுறைக்கு வர இருந்தது. எழுபது, எண்பதுகளின் சிந்தசைசர்களில் அந்த முத்திரை எங்கிருந்து வரும்? சகாமோட்டோ ரியூச்சி உள்ளிட்ட இசைக்கலைஞர்கள் கையெழுத்து வாங்கிப் போராடினார்கள். அதன்பிறகுதான் பழைய இசைக்கருவிகளுக்கு அரசு விலக்கு கொடுத்தது. அவர்கள் அன்று பேசாமல் இருந்திருந்தால் நல்ல நிலையில் இருந்த எத்தனையோ கருவிகள் குப்பைக்குப் போயிருக்கும். என் வீட்டில் இருப்பவையும் அதில் சேர்ந்திருக்கலாம். அந்த நன்றி எனக்கு நிஜமாகவே உண்டு.

வாங்கும் வழி ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. யாஹூ ஜப்பான் ஏலத்தில் பெரும்பாலான விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். நடுவில் ஒரு முகவர் சேவை வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் நமக்காக ஏலம் கேட்டு, தங்கள் கிடங்குக்கு வரவழைத்து, பிறகு நமக்கு அனுப்புவார்கள். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கிடங்கில் இருப்பவர்கள் பெட்டி வந்ததா, படத்தில் இருந்த பொருள்தானா என்றுதான் பார்ப்பார்கள். போட்டுப் பார்த்து, வாசித்துப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள்.

அதனால் விற்பனையாளர் எழுதியிருக்கும் குறிப்புதான் நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. ஜப்பானியர்கள் அதை ஒழுங்காக எழுதுவார்கள் என்பது என் அனுபவம். சின்னக் கீறல்களைக்கூட நெருங்கிப் படம் எடுத்துப் போடுவார்கள். குறிப்பைப் படிக்கும்போது படிநிலைகளைக் கவனிக்க வேண்டும். ‘மின்சாரம் ஏறுவதை மட்டும் பார்த்தோம்’ என்றால் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். ‘ஒலி வருவதைப் பார்த்தோம்’ என்றால் ஏதோ ஒரு கட்டையை அழுத்தினார்கள், ஏதோ ஒரு சத்தம் வந்தது. எல்லாக் கட்டைகளும், எல்லா வாய்ஸும் (ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை ஒலிக்கும் தனித்தனிப் பகுதிகள்), மெமரியும் பார்த்தோம் என்று விவரமாக எழுதியிருந்தால்தான் அது வேலை செய்யும் கருவி. ‘ஜங்க்’ என்று போட்டிருந்தால் எதற்கும் பொறுப்பில்லை, திருப்பி எடுக்க மாட்டோம் என்று பொருள்.

இதில் என் கருத்து பலருக்கும் ஒப்பாது. எனக்கு நன்றாக விவரித்த ஜங்க் பிடிக்கும். ‘மெமரி நிற்கவில்லை, இரண்டு பட்டன் வேலை செய்யவில்லை, மற்றபடி ஒலி வருகிறது’ என்று ஒருவர் எழுதினால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடுகிறது. ‘அழகான நிலை, சோதிக்கவில்லை’ என்று அதிக விலைக்குப் போடுபவரிடம் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. நாற்பது வருஷமாக வைத்திருந்த கருவியை விற்பதற்கு முன் ஒரு முறை போட்டுப் பார்க்காதவர் யார்?

பாலிசிக்ஸை அப்படித்தான் வாங்கினேன். 1981-ல் வந்த கருவி. ஆறு வாய்ஸ், 32 ஒலிகளை நினைவில் வைக்கும். அந்த நினைவு அழியாமல் இருக்க உள்ளே கேஎல்எம்-367 என்ற போர்டில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியை வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போட்டிருக்கும்போது அது சார்ஜ் ஆகும், அணைத்தால் மெமரியைக் காக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த பேட்டரிக்கு வயதானால் கசியும். கசிவது காரம். அது செம்புத் தடங்களை அரித்து, போர்டின் துளைகளுக்குள் இறங்கி, பக்கத்தில் இருக்கும் ஐசி சிப்புகளின் கால்கள் வரை போகும். அந்த போர்டில்தான் கருவியின் மூளையே இருக்கிறது. பட்டன் அழுத்தினால் வேறு எண் எரிவது, ஒலிகள் தாமாக மாறுவது, கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் ஆர்பெஜியேட்டர் பிடிவாதம் பிடிப்பது எல்லாம் இங்கிருந்து வருபவை. பாலிசிக்ஸ் விற்பனைக்கு வந்தால், பேட்டரியை மாற்றிவிட்டார்களா, எப்போது, கசிந்த பிறகா முன்பா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மரப்பக்கம் பளபளப்பதெல்லாம் அப்புறம்.

ஏலக் குறிப்பில் மெமரி நிற்கவில்லை என்று மட்டும் இருந்தது. ஏலம் முடிவதற்கு முன் விற்பனையாளருக்குக் கேள்வி அனுப்ப வசதி உண்டு. மூடியைத் திறந்து பேட்டரியை நெருங்கி ஒரு படம் அனுப்ப முடியுமா என்று மொழிபெயர்ப்பு செயலியின் உதவியோடு மரியாதையாகக் கேட்டேன். அனுப்பினார். பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி. அதை ஒட்டிய தடங்கள் கறுத்திருந்தன. ஆனால் கறை ஒரு பக்கத்தோடு நின்றிருந்தது, பெரிய ஐசி வரை போகவில்லை. அந்த ஒரு படத்தை வைத்துத்தான் எவ்வளவு வரை கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

வந்ததும் முதல் வேலை பேட்டரியை வெட்டி எடுப்பது. காரம் என்பதால் வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் லேசாக நுரைக்கும். நுரை அடங்கும்வரை தடவி, சுத்தமான நீரால் துடைத்து, கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்தேன். பிறகு கறுத்த தடங்களின் மேல் இருக்கும் பச்சைப் பூச்சைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டினேன். பூச்சுக்குக் கீழே செம்பு மினுங்கினால் அது பிழைத்த தடம். கறுப்புத் தூளாக வந்தால் போன தடம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குத் தொட்டுப் பார்க்க வேண்டும். பீப் வராத இடங்களில் எனாமல் பூசிய மெல்லிய கம்பியால் பாலம் போட்டேன். இதற்கு அவசரமே கூடாது. வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, வீடு அமைதியான பிறகு உட்கார்ந்தால்தான் கை நிதானமாக வரும்.

பழைய பேட்டரி இருந்த இடத்தில் லித்தியம் நாணய பேட்டரி வைக்கலாம். ஆனால் அந்த சர்க்யூட் பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். சாதாரண லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. அதனால் ஒரு டயோடு போட்டு உள்ளே வரும் மின்னோட்டத்தைத் தடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சில விளக்கங்களில் இந்த டயோடைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். போர்டு முழுதாகப் போய்விட்டிருந்தாலும் வழி உண்டு. அதற்கு மாற்றாக கிவிசிக்ஸ் என்று ஒரு போர்டு வருகிறது. அதில் மிடியும், அதாவது கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசும் இணைப்பும், சேர்ந்து வரும். பாலிசிக்ஸில் பிறவியிலேயே மிடி கிடையாது. மிடி வந்ததே 1983-ல்தான்.

மெமரி நிற்க ஆரம்பித்ததும் ஒலிகளை ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் கேசட்டில் பதிந்து வைத்து ஏற்றுவார்கள், பின்பக்கம் அதற்கென்று துளை இருக்கிறது. நான் கேசட்டுக்குப் பதில் கைபேசியைச் செருகி, கம்பெனி ஒலிகளின் ஆடியோ கோப்பை ஓடவிட்டேன். கீச்சென்று ஒரு சத்தம், அதற்குள் 32 ஒலிகளும் இருக்கின்றன. ஓடி முடிந்து, முதல் பட்டனை அழுத்தி ஒரு கார்டைப் பிடித்தபோது வந்த அந்த ஸ்ட்ரிங்ஸை, அதன்மேல் கருவியிலேயே இருக்கும் என்செம்பிள் எஃபெக்ட்டைப் போட்டு, என் மனைவி வந்து மணியைக் காட்டும்வரை வாசித்துக்கொண்டிருந்தேன்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தொழில் அது என்பதால் மட்டும் இல்லை, நல்ல கருவிகள் பல இதில்தான் சாகின்றன. ஜப்பானில் 100 வோல்ட். இங்கே 230. நேராகச் செருகினால் கதை முடிந்தது, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம், கடையில் கிடைக்கும், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 110 வோல்ட் தருவது. பத்து வோல்ட்தானே என்று விட்டுவிடுகிறார்கள். சுவரில் 230-க்குப் பதில் 240 வருகிற நேரத்தில் அந்த 110 கிட்டத்தட்ட 115 ஆகிவிடும். 100-க்கு வடிவமைத்த கருவிக்கு அது 15 சதவீதம் கூடுதல். இந்தப் பழைய கருவிகளின் ரெகுலேட்டர்கள் கூடுதல் வோல்ட்டை வெப்பமாக மாற்றித்தான் தள்ளும். பக்கத்தில் இருக்கும் மின்தேக்கிகள் அந்தச் சூட்டில் காய்ந்துபோகும். அன்றே கெடாது, இரண்டு வருஷம் கழித்து ஹம்மென்று இரைச்சல் வர ஆரம்பிக்கும். அதனால் ‘100 வோல்ட், ஜப்பானுக்கு’ என்று தெளிவாக எழுதியிருப்பதையே வாங்குங்கள். கருவியின் பின்னால் எத்தனை வாட் என்று போட்டிருக்கும், அதைப் போல் இரண்டு மடங்காவது தாங்குவதாக இருக்கட்டும். முடிந்தால், ஒரே கம்பிச் சுற்றில் வேலை செய்யும் ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். உள்ளே இரண்டு சுற்றுகளும் தனித்தனியாக இருக்கும் வகை கனமாக இருக்கும், விலையும் கூடும், ஆனால் சுவர் மின்சாரத்துக்கும் கருவிக்கும் நடுவில் நேரடித் தொடர்பு இருக்காது.

ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரத்தின் அதிர்வெண் விஷயத்தில் ஜப்பான் நமக்கு வசதி. அந்த நாட்டின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியில் இருந்தும் ஒசாகா அமெரிக்காவில் இருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதால் வந்த பிரிவு அது, இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதனால் ஜப்பானுக்குள் விற்ற கருவிகளில் ‘50/60’ என்றே போட்டிருக்கும். அமெரிக்காவுக்கென்று செய்தவற்றில் சிலவற்றில் 60 மட்டும்தான். 60-க்கென்று செய்த ட்ரான்ஸ்ஃபார்மரை 50-ல் ஓட்டினால் கூடுதலாகச் சூடாகும். அமெரிக்காவில் இருந்து பழைய ஹேமண்ட் ஆர்கன் வாங்க நினைப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அதில் ஒலி தரும் சக்கரங்களைச் சுற்றுவது மின்சார அதிர்வெண்ணோடு ஒத்து ஓடும் மோட்டார். 60 ஹெர்ட்ஸ் ஆர்கனை இங்கே 50-ல் ஓட்டினால் முழு ஆர்கனும் ஏறக்குறைய மூன்று செமிடோன் (ஒன்றரைக் கட்டை) சுருதி இறங்கி ஒலிக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

எங்கள் குழுவில் ட்ரம் பேட் வாசிக்கும் தம்பிக்கு ஜூனோ-106 மேல் ஆசை. 1984-ல் வந்தது, மிடி உண்டு, ஸ்லைடர்கள் வரிசையாக இருப்பதால் கற்றுக்கொள்ள எளிது. ஒருநாள் ஒத்திகை முடிந்து கைபேசியை நீட்டினான்.

“அண்ணே, எல்லாம் நல்லா வேலை செய்யுதுன்னு போட்டிருக்காங்க. கேட்டுடலாமா?”

“வீடியோ கேளு. வாசிச்சுக் காட்டச் சொல்லாத, டெஸ்ட் மோடுல ஒவ்வொரு வாய்ஸா காட்டச் சொல்லு.”

ஜூனோ-106-ன் நோய் அதன் ஆறு வாய்ஸ் சிப்புகள். 80017ஏ என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டரும் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அடங்கியிருக்கின்றன, மேலே கறுப்பாக ஒரு எபாக்ஸிப் பூச்சு. வருஷம் போகப் போக அந்தப் பூச்சு வழியே மின்சாரம் கசிய ஆரம்பிக்கும். ஒரு வாய்ஸ் கரகரக்கும், அல்லது அடங்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும், அல்லது ஊமையாகும். ஆறில் ஒன்று போனால் சாதாரணமாக வாசிக்கும்போது கண்டுபிடிப்பது கஷ்டம். ஆறு முறைக்கு ஒரு முறைதான் அந்த வாய்ஸ் வரும், அதுவும் கார்டுக்குள் ஒளிந்துவிடும். ஒலியைத் தடிமனாக்கும் கோரஸ் எஃபெக்ட் வேறு போட்டிருந்தால் சுத்தமாகத் தெரியாது. ‘கீ ட்ரான்ஸ்போஸ்’ பட்டனைப் பிடித்துக்கொண்டே மின்சாரத்தைப் போட்டால் டெஸ்ட் மோடு வரும். அதில் கட்டையை அழுத்தும்போது எந்த எண் வாய்ஸ் ஒலிக்கிறது என்று திரையில் காட்டும். கோரஸை அணைத்துவிட்டு, ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும்வரை விட்டுப் பார்க்க வேண்டும். முப்பது வினாடி வீடியோ போதும்.

இதைக் கேட்டால் சில விற்பனையாளர்கள் பதிலே போடுவதில்லை. அதுவும் ஒரு பதில்தான். முதலில் பார்த்த விற்பனையாளர் அப்படித்தான் பேசாமல் இருந்துவிட்டார். தம்பிக்கு வருத்தம், ஏனென்றால் அது அழகாக இருந்தது. இரண்டாவதாகக் கேட்டவர் வீடியோ அனுப்பினார். நான்காம் எண் வந்தபோது மட்டும் ஒலியின் வாலில் மெல்லிய பட்பட் சத்தம். மற்ற ஐந்தும் சுத்தம்.

ஒரு சிப் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. அதைக் கழற்றி அசிட்டோனில் சில நாள் ஊறவைத்து, இளகிய கறுப்புப் பூச்சை உரித்தெடுத்துவிட்டுத் திரும்பப் பொருத்தினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். இல்லையென்றால் அனலாக் ரெனைசான்ஸ் என்று ஒரு நிறுவனம் அதே இடத்தில் பொருந்தும் புது சிப் செய்து விற்கிறது. கழற்றும்போது போர்டின் தடம் பிய்ந்துவிடாமல் பார்ப்பதுதான் உண்மையான வேலை. நல்ல ஈயம் உறிஞ்சி வேண்டும். ஒன்று கெட்டால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்பதால் ஆறையும் ஒரே நேரத்தில் உரித்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பதையும் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். பாலிசிக்ஸின் ஃபில்டர் எஸ்எஸ்எம்2044 சிப். அதன் வழிவந்த எஸ்எஸ்ஐ2144 இப்போது புதிதாகக் கிடைக்கிறது. எண்பதுகளின் பல அமெரிக்கக் கருவிகளில் இருக்கும் கர்டிஸ் சிஇஎம்3340 ஆஸிலேட்டரும் திரும்ப உற்பத்திக்கு வந்துவிட்டது. லாட்வியாவில் இருந்து அதே மாதிரி சிப்பும் வருகிறது. ஆனால் டிஎக்ஸ்7-ன் இதயம் யமஹா தனக்கென்றே செய்துகொண்ட சிப்புகள். அவை போனால் இன்னொரு டிஎக்ஸ்7-ஐப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். நல்லவேளை, அவை எளிதில் போவதில்லை. டிஎக்ஸ்7-ல் பார்க்க வேண்டியது போர்டில் பற்றவைத்திருக்கும் நாணய பேட்டரி. கழற்றுவதற்கு முன் மிடி வழியாக ஒலிகளைக் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய உரிமையாளர் தானே உருவாக்கிய ஒலிகள் அதில் இருக்கக்கூடும். அவற்றை அழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் ஊர் வெப்பத்துக்கு நான் தவிர்க்கச் சொல்வது ரோலண்ட் ஜேடி-800. 1991-ல் வந்த அருமையான கருவி, ஒலியில் குறை சொல்லவே முடியாது. ஆனால் கட்டைகளுக்குள் எடைத் துண்டுகளை ஒட்டிய சிவப்பு எபாக்ஸிப் பசை வருஷக்கணக்கில் இளகி, ஒழுகி, கீழே இருக்கும் தொடர்புப் பட்டைகளில் விழுந்து இறுகிவிடும். கட்டைகள் ஒட்டும், சில ஒலிக்காது. குளிர் நாட்டில் மெதுவாக நடப்பது இங்கே வேகமாக நடக்கும். ஒவ்வொரு கட்டையாகக் கழற்றிப் பசையை முழுதாக நீக்கியவர் விற்றால் மட்டும், கட்டைகளின் அடிப்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

அனுப்பும் செலவில் ஒரு கணக்கு இருக்கிறது. டிஎக்ஸ்7 ஏறக்குறைய 14 கிலோ, நீளம் ஒரு மீட்டர். நல்ல பெட்டியில் போட்டால் 115க்கு 48க்கு 28 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தனியார் கூரியர்கள் மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். வருவது கிட்டத்தட்ட 31. அதாவது 31 கிலோவுக்குக் காசு. ஜப்பான் அஞ்சலின் இஎம்எஸ் உண்மையான எடைக்குத்தான் கட்டணம் வாங்கும், 30 கிலோ வரை ஏற்கும். இடம் பெரிது, எடை குறைவு என்றால் அஞ்சல்தான் லாபம். ஆனால் அளவு வரம்பும் உண்டு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி கட்டுவதில் காசைப் பார்க்காதீர்கள். ஒரு முறை முகவர் கிடங்கில் இருந்து மெல்லிய ஒற்றைப் பெட்டியில் ஒரு கருவியை அனுப்பிவிட்டார்கள். உறுதியாகக் கட்டுங்கள் என்று கூடுதல் கட்டணம் கட்டியிருந்தேன். பெட்டி எங்கோ நிமிர்ந்து நின்று விழுந்திருக்க வேண்டும். ஓரக் கட்டை இரண்டு ஒடிந்து, உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மரின் திருகு பிடுங்கிக்கொண்டிருந்தது. கருவிக்குள் மிகக் கனமான பொருள் ட்ரான்ஸ்ஃபார்மர்தான், செங்குத்தாக விழுந்தால் அது தன் இருப்பிடத்தைக் கிழித்துக்கொண்டு போய் போர்டுகளை உடைக்கும். காப்பீட்டுப் பணம் வந்தது, ஆனால் அதே நிறத்தில் கட்டை தேடி அலைந்த அலைச்சலுக்கு யார் பணம் தருவது? இப்போது நான் எழுதியே கேட்கிறேன்: கட்டைகள் மேல் அழுத்தம் வரக்கூடாது, ஸ்லைடர்களுக்கு மேலே கெட்டி அட்டை, இரண்டு முனைகளிலும் தடிமனான நுரை, பெட்டிக்குள் பெட்டி. இன்னொன்று, பெட்டி வந்ததும் மின்சாரம் போடாதீர்கள். முதலில் லேசாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு.

வரி எளிது. சிங்கப்பூரில் இசைக்கருவிக்குச் சுங்கத் தீர்வை இல்லை, பொருள் சேவை வரி மட்டும், 2024-ல் இருந்து 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போனால் பொருள் வந்து சேரும்போது கட்ட வேண்டும். பொருள் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்த தொகைக்கு. மதிப்பைக் குறைத்து எழுதட்டுமா என்று சிலர் தாமாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டி உடைந்து வந்தால் காப்பீடும் அந்தக் குறைத்த மதிப்புக்குத்தான் கிடைக்கும். தமிழ்நாட்டில் இருந்து எனக்கு எழுதுபவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே தீர்வையும் உண்டு, ஜிஎஸ்டியும் உண்டு. அதைவிட முக்கியம், மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதி இந்தியாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஏலத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு சுங்க முகவரிடம் பேசிவிடுங்கள்.

உதிரிப் பொருள்களுக்கு நான் போவது சிம் லிம் டவர், தேக்காவில் இருந்து நடக்கும் தூரம். மின்தேக்கி, டயோடு, கம்பி, பேட்டரிப் பிடி எல்லாம் அங்கே கிடைக்கும். ஈரப்பதம் நம் ஊரில் எப்போதும் இருப்பதால் வாசிக்காத கருவியை உறை போட்டு மூடி மூலையில் வைத்துவிடாதீர்கள். அடிக்கடி போட்டு, எல்லா ஸ்லைடர்களையும் மேலும் கீழும் தள்ளி, கொஞ்ச நேரம் வாசியுங்கள். சும்மா கிடக்கும் கருவிதான் சீக்கிரம் கெடுகிறது.

தம்பியின் ஜூனோவுக்கு ஏலம் ஞாயிற்றுக்கிழமை இரவு முடிகிறது. நான்காம் வாய்ஸுக்கு ஒரு மாற்று சிப்பின் விலையைக் கழித்து, அதற்கு மேல் போனால் விட்டுவிடுவது என்று ஒரு தொகை பேசி வைத்திருக்கிறோம். கிடைத்தால் அசிட்டோன் வேலையைப் படத்தோடு எழுதுகிறேன். யாராவது ஏற்கெனவே ஆறையும் உரித்துப் பார்த்திருந்தால், எத்தனை நாள் ஊறவைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.